வாளையின் மகள்

என் தங்கை இலண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்து பன்னிரண்டு நாள் கழிந்திருந்தபோது அவள் மகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வணக்கமோ நலம் விசாரிப்போ இல்லை.

"மாமா, முப்பதாம் நாளுக்கு நா அங்க வரேன். அம்மா பொறந்த தெருவுல நின்னு அம்மாவப் பத்திப் பாடணும். நீ ஏற்பாடு பண்ணு."

கல்லூரியில் முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் இலக்கணம் பயிற்றுவித்தவன் நான். மாணவர் எவரும் என்னை ஒருமையில் விளித்ததில்லை. வாழ்நாளில் இருமுறை மட்டுமே நான் நேரிற் கண்ட ஒரு பெண் கடல்களுக்கு அப்பாலிருந்து 'நீ' என்றதும் கைப்பேசியைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவள் அறிந்த தமிழ் அவ்வளவே. இராயபுரத்தில் கல்மண்டபத்தை ஒட்டிய சந்தொன்றில் பிறந்து, செவிலியாக இங்கிலாந்து சென்ற தன் தாயின் வாயிலிருந்து கேட்டுப் பெற்ற தமிழ் அது.

அவள் அந்நாட்டில் ஓரளவு பெயர் பெற்ற சொல்லிசைப் பாடகி. உலகம் ராப் என்று அழைப்பதை நான் சொல்லிசை என்றே எழுதி வருகிறேன். இவள் என் தங்கை மகள் என்பதை மட்டும் எங்கும் எழுதியதில்லை, எவரிடமும் சொன்னதுமில்லை.

அவள் வாழ்க்கையை நான் தொலைவிலிருந்தே அறிந்தேன். அவள் தந்தை இலண்டனில் பேருந்து ஓட்டியவர்; கரிபியத் தீவொன்றிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தத் திருமணத்திற்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது தந்தையின் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து, நிறுத்தங்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒரே மூச்சில் ஒப்பிப்பாளாம். பன்னிரண்டு வயதில், பள்ளி உணவுக்கூடத்து மேசையில் தோழிகள் தாளம் தட்ட, ஆசிரியர்கள்மேல் வசை கட்டிப் பாடி, இரண்டு நாள் பள்ளிக்கு வரக்கூடாதென்று விலக்கப்பட்டாள். பின்னர் அப்பகுதி இளைஞர் மன்றத்தில் ஓர் ஒலிப்பதிவு அறை கிடைத்தது. மன்றம் மூடப்பட்டதும் வீட்டுத் துணி அலமாரிக்குள் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு பதிவு செய்தாள். பகலில் பேரங்காடியில் சரக்கு அடுக்கும் வேலை. பணி முடித்து, வீங்கிய கால்களோடு விடியலில் வீடு திரும்பும் செவிலி ஒருத்தியைப் பற்றிய பாட்டு அந்த அலமாரிக்குள்தான் பிறந்தது. அது இணையத்தில் பரவியது. பெரிய இசை நிறுவனம் ஒன்று அவளைத் தேடி வந்தது.

முதல் தொகுப்பு வெளியானபோது தங்கை எனக்கு அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். ஆங்கிலம் எனக்குப் பிடிபடாத விரைவில் ஓடிற்று. நடுவில், எவ்வித முன்னறிவிப்புமின்றி, "இன்னாடா மொறைக்கிற?" என்றொரு குரல். மீன்கடை முன்னால் இடுப்பிற் கைவைத்து நிற்கும் என் தங்கையின் குரலேதான். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தப் பேச்சிலிருந்து என் நாவை மீட்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அது இப்போது என் படிப்பறைக்குள்ளேயே வந்து நின்று என்னை அதட்டிற்று.

அன்றே தங்கைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். குழந்தைக்கு நல்ல தமிழைப் புகட்டியிருக்கலாம், கொச்சையை உலக மேடையில் ஏற்றுவது குடும்பத்துக்கு அழகன்று என்பது அதன் சாரம். விடையாக ஒரு குரற்செய்தி வந்தது.

"அண்ணே, நா பேசுறதத்தான எம் பொண்ணு பேசும்? உன் மாரி வூட்ல ஒண்ணு வெளில ஒண்ணு எனக்கு வராது."

அதன்பின் எங்களுக்கிடையே கிறித்து பிறப்பு வாழ்த்து மட்டுமே நடந்தது. ஆயினும் அவள் மகளைப் பற்றிய செய்திகளை இணையத்தில் தேடிப் படிப்பதை நான் விடவில்லை. இரண்டாம் தொகுப்பின் அட்டைக்காகப் பட்டுடுத்திப் பொட்டிட்டு நிற்குமாறு நிறுவனத்தார் சொன்னார்களாம். தன் தாய் சீருடைமேல் மழைச்சட்டை போட்டுக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்பவள், வேண்டுமானால் அப்படி நிற்கிறேன் என்றாளாம் இவள். தொகுப்பு மூன்றாண்டுகள் வெளிவராமற் கிடந்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறினாள். பிறகு சிறு அரங்குகள், தானே சுமந்து செல்லும் ஒலிப்பெட்டி, பாதியே நிரம்பிய இருக்கைகள். 'இவள் காலம் முடிந்தது' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. ஏன் வந்தது என்பதை நான் ஆராயவில்லை. மெல்ல மீண்டாள். மூன்றாம் தொகுப்பு ஒரு விருதுப் பட்டியலில் இடம்பெற்ற வாரத்தில் தங்கைக்கு நோய் முற்றியது. இசைப்பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்தவள், அதன்பின் எங்கும் பாடவில்லை.

முப்பதாம் நாள் நடக்கவிருந்த படத்திறப்புக்கு ஆறு நாள் முன்னதாகவே வந்து இறங்கினாள். தந்தைக்கு முழங்காலில் அறுவை நடந்திருந்ததால் தனியாகவே வந்தாள். முப்பதைக் கடந்தவள். தலைமயிரைச் சிறு சிறு பின்னல்களாகப் பின்னியிருந்தாள். தங்கையின் நெடிய, ஒடிசலான உடல் அப்படியே. திருவொற்றியூரில் என் அடுக்ககத்துக்கு வரும் வழியெல்லாம் வண்டியின் சன்னற் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். சாலையோரம் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன.

"இதுங்கல்லாம் எப்ப மாமா போவும்?"

"துறைமுகத்திலிருந்து அழைப்பு வரும்போது."

"அது வரிக்கும் சும்மா குந்திகினு கீறதா? எனுக்கு பைத்தியமே புடிச்சிடும்."

என் வீட்டில் அவள் உட்கார்ந்து உண்டதாக நினைவில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி கூடத்தில் நடப்பாள். மாடிப்படியில் இறங்குவாள், ஏறுவாள். எழுதுகோலால் என் அகராதிகளின் முதுகில் தாளம் போடுவாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் எந்த நேரத்தில் என்ன கேட்பாளோ என்ற அச்சம் எனக்கு.

மூன்றாம் நாள் மாலை மீன்பிடித் துறைமுகத்துக்கு அழைத்துச் செல்லச் சொன்னாள். படகுகளைப் பார்த்தபடி தடுப்புச் சுவரருகே நின்று, தாயைப் பற்றிய பாட்டைச் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலமும் அவள் தமிழும் ஒன்றையொன்று துரத்தின. மருத்துவமனை, மழை, பேருந்து, முதற்குழந்தை. திடீரென்று நின்றாள். மூச்சு அறுந்தது போலிருந்தது. மறுபடி தொடங்கினாள்; அதே இடத்தில் மறுபடி நின்றாள்.

"தபாரு, இங்கதான் நின்னு போவுது. லண்டனுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா இன்னாவா இருந்துச்சுன்னு எனுக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டா சிரிக்கும், வேற பேசும். அந்த எடம் வந்தா வாயி கட்டிப் போவுது."

"எழுதியே படிக்கலாமே" என்றேன்.

"எத்த எயுதுறது? அந்தத் தெரு ஜனம் வந்து முன்னாடி குந்தட்டும். அவங்க மூஞ்சியப் பாத்தா எதுனா வரும். அங்கயும் வரலன்னா வுட்டுடுவேன் மாமா. இந்தப் பாட்ட இல்ல, பாடுறதையே. மெய்யாலுமே சொல்றேன்."

அவளுக்குத் தேவையானது என்னிடம் இருந்தது. உன் அன்னை படிப்பில் முதல்வி, தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தாள், கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றாள் என்று மூன்று செய்திகளைச் சொன்னேன். மூன்றும் உண்மை. அவள் அவற்றுள் ஒன்றைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

படத்திறப்பிற் பாடும் கானாக்காரர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து இறந்தவரைப் பற்றிக் கேட்டறிந்து போவது எங்கள் பகுதி வழக்கம். மறுநாள் ஒருவர் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், நடுவயதினர், தொழிலில் கண்டிப்பானவர். தங்கை மகளை ஏறிட்டுப் பார்த்து, "நீயும் பாடுறவளாமே. அப்ப நா ஆரம்பிச்சி வுடுறேன், மிச்சம் உன்னுது" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஒண்ணு தெரிஞ்சிக்க. பொறந்த வூட்டுக் கொறையப் பாட்டுல வச்சேன்னா, வாயத் தொறக்குமுன்ன பொறந்த வூட்டு ஆள ஒரு தபா பாரு. அவுரு தலைய ஆட்டுனா பாடு. இல்லன்னா வுட்டுடு. அது மருவாத" என்றார் அவர்.

அவள் தேநீர் கொண்டுவர உள்ளே போனாள். கானாக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு நைனா. அம்மாக்கு இன்னா துன்னப் புடிக்கும், யார் கூட சண்ட, இன்னா பட்டப்பேரு?"

"பட்டப்பெயர் ஏதுமில்லை."

"இல்லாம இருக்காதே. அந்தச் சந்துல நாய்க்கே ரெண்டு பேரு கீது."

"இல்லை என்றேன் அல்லவா?"

"செரி சார்" என்றார். நைனாவாக இருந்தவன் சாராகத் தள்ளிவைக்கப்பட்டதை நான் உணர்ந்தேன்.

பட்டப்பெயர் இருந்தது. ஆட்பெயர் எதையும் இங்கே எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆனால் வாளை என்பது மீனின் பெயர், எழுதலாம். தெரு முழுவதும் அவள் வாளைதான். பள்ளிப் பதிவேட்டுக்கும் தேவாலயப் பதிவேட்டுக்கும் வெளியே அவளுடைய திருமுழுக்குப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு பேச்சுப்போட்டி நாளன்று நண்பகலில், எனக்குச் சோறு கொண்டுவந்தாள். வாயிற்கதவருகே நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். உடன் வந்த மீன்வண்டிக்காரர் உரத்த குரலில், "வாள அண்ணன் கீறானா உள்ள?" என்று கூவினார். அன்றுமுதல் பட்டம் பெறும்வரை என் வகுப்பில் நான் வாளையண்ணன். மேடையில் ஏறினால் பின்வரிசையிலிருந்து மீன் விலை கேட்பார்கள். அந்தப் பெயரை நான் அவளோடு சேர்த்தே கப்பலேற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேனர் வாசகத்தையும் நானே எழுதினேன். 'இறைவன் திருவடி நிழலில் இளைப்பாறுதல் எய்திய எம் அருமைத் தங்கையார்' என்று தொடங்கி, ஆறு வரிகளில், ஒரு வடசொல் கலவாமல். படமாகத் தங்கை ஓய்வுபெற்ற அன்று எடுத்ததைக் கொடுத்தேன். குறுமயிர், தடித்த மூக்குக்கண்ணாடி, சாம்பல்நிறக் கோட்டு. அச்சிடுபவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடைமொழி எதுவும் போடலியா சார்? பட்டப்பேரு இல்லாம இந்த ஏரியாவுல நா பேனரே அடிச்சதில்ல."

"இதுவே போதும்" என்றேன்.

முப்பதாம் நாள் காலை திருப்பலி நடந்தது. மாலை ஐந்து மணிக்குச் சந்தில் பந்தல் போட்டு ஐம்பது நாற்காலிகள் விரித்தாயிற்று. நாங்கள் பிறந்த வீடு இப்போது மூன்று மாடியாகி வேறொருவர் கையில் இருக்கிறது. அதன் சுவரோரம் மாலைக்குக் காத்திருக்கும் படம், மேலே பேனர். என்னுடன் பணியாற்றிய இருவர் வந்து முன்வரிசையில் அமர்ந்தனர். வேறு யாரும் வரவில்லை.

சந்து வெறிச்சோடிக் கிடந்ததென்று எண்ண வேண்டா. குழாயடியில் பெண்கள் நின்றார்கள். முனையில் ஒரு மூதாட்டி தாம்பாளத்தில் மீன் பரப்பி அரிந்துகொண்டிருந்தார். இருசக்கர வண்டிகள் நாற்காலிகளுக்கிடையே வளைந்து வளைந்து போயின. எல்லோரும் பேனரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

"யார்டீ இது, வெள்ளக்காரி கணக்கா?"

"லண்டன்ல பூட்டாங்களாம்."

"லண்டன்ல பூட்டா இங்க இன்னாத்துக்கு நாற்காலி?"

"எவனா ஓட்டு கேக்க அடி போடுறான். பேனர்ல கீறது ஒண்ணுனா புரியுதா பாரு, அப்ப அதேதான்."

தங்கை மகள் பந்தலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். ஒலிவாங்கியை எடுப்பாள், வைப்பாள். நாற்காலியொன்றைச் சற்று இழுத்து நேராக்குவாள், அடுத்ததையும் நேராக்குவாள். ஐந்தரை ஆயிற்று. முக்கால் ஆயிற்று.

"ஏன் மாமா ஒருத்தரும் வரல?"

"வேலைக்குச் சென்றவர்கள் திரும்பும் நேரம்."

"வேலைக்குப் போனவங்கள வுடு. தோ நிக்கிறாங்களே, இவங்க ஏன் வரல? எங்கம்மா இருவது வருசத்துக்கு மேல இந்தச் சந்துல கீதுச்சு. ஒருத்தருக்குமா தெரியல?"

அவள் ஒலிவாங்கியின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினாள்.

"வுடு மாமா. காலி நாற்காலியப் பாத்துப் பாடுறதுக்கு நா லண்டன்லயே பாடிகினு இருந்திருப்பேன். அங்க நெறைய பாத்துட்டேன்."

அவள் குரலிற் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. கம்பியை முழங்கையில் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தாள், கடை கட்டுபவரைப் போல. அவள் துறைமுகச் சுவரருகே சொன்னது வெறும் மிரட்டலன்று என்று எனக்கு அப்போது விளங்கியது.

"சற்றுப் பொறு" என்றேன். "உன் அன்னைக்கு இத்தெருவில் வேறொரு பெயர் இருந்தது. நான் மறைத்துவிட்டேன்."

கை நின்றது. "இன்னா பேரு?"

என் வாயில் அது வரவில்லை. கானாக்காரர் அவள் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எங்களாண்ட சொல்லி இன்னா பண்றது பெரியவரே. இதுல சொல்லு, ஜனம் கேக்கட்டும்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இச்சந்தின் மூன்றாம் இல்லத்தில், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குநராகப் பணியாற்றிய பெரியவர் ஒருவரின் புதல்வியாகப் பிறந்து..." என்று தொடங்கினேன். குழாயடியில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. குடம் நிரம்பும் ஓசை கேட்டது. தங்கை மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாள" என்றேன். "செத்தது வாள. இது வாளையோட படத்திறப்பு."

முனையில் அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த மீன் பாதியில் நின்றது.

"இன்னா சொன்ன? எந்த வாள?" மூதாட்டி எழுந்துவிட்டார். செதில் ஒட்டிய கைகளை விரித்தபடியே நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு படத்தருகே வந்தார். "நம்ம வாளையா? நம்ம வாளையா பூட்டா? ஐயோ, கண்ணாடிய கயட்டிட்டுப் பாரு... மூக்கு அவுளுதுதான்! அடிப்பாவி, காலைலேந்து இங்கயே குந்திகினு ஒன்ன யாரோன்னு பாத்துகினு கீறேனே!"

பிறகு அண்ணாந்து மாடிகளை நோக்கி ஒரு குரல் கொடுத்தார்: "ஏ! வாள பூட்டாளாம்டீ! அல்லாரும் எறங்கி வாங்க!"

சன்னல்கள் திறந்தன. மாடிப்படிகளில் செருப்போசை. குழாயடியில் குடங்கள் அப்படியே நிற்க, பெண்கள் வந்தார்கள். கால் மணி நேரத்தில் நாற்காலிகள் போதாமற் போயின. மூதாட்டி தங்கையின் பள்ளித்தோழி என்பதை அப்போதுதான் அடையாளம் கண்டேன். அவர் என்னை அதற்கு முன்பே கண்டுவிட்டார்.

"நீ வாள அண்ணன் தான? இன்னாமோ எயுதி மாட்டிகீறே, பாதிரியாருக்கே புரியாது போலகீது. ஏன்யா, கூடப் பொறந்தவ பேரு எயுத ஒனுக்கு இன்னா வந்துச்சு?"

"பிழைதான்" என்றேன்.

"பியையாம். செரி, பொறந்த வூட்டு மால மொதல்ல. போட்டுட்டு ஓரமா நில்லு."

மாலையிட்டேன். ஓரமாக நின்றேன். தங்கை மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் தாயைத் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கானாக்காரர் டோலக்கில் நாலு வரி பாடி நிறுத்தி, ஒலிவாங்கியை அவளிடம் தந்தார். அவள் கண்ணை மூடித் தொடங்கினாள். ஆங்கிலம் புரியாத கூட்டம் அவள் மூச்சின் விரைவைப் பார்த்து வாய்பிளந்தது. மருத்துவமனை, மழை, பேருந்து, முதற்குழந்தை. அதே இடம் வந்தது. நின்றாள்.

அவள் பாடிப் பழகிய அரங்குகளில் பாடகர் நின்றால் கூட்டமும் நிற்குமாம். எங்கள் பக்கம் அப்படியன்று. கானாவில் பாடகர் நிறுத்தினால், தெரிந்தவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பொருள். மூதாட்டி சற்றும் தயங்கவில்லை.

"ஏன் நின்னுட்ட? அந்த கேட்டாண்ட நடந்த கதையச் சொல்லு!"

அவள் கண் திறந்தாள். "எந்த கேட்டு?"

"சரியாப்போச்சு. ஒங்கம்மா சொல்லலியா? ஒங்க தாத்தாக்கு தொறமொகத்துக்கு சோத்துத் தூக்கு எத்துகினு போவும். வாச்மேன் உள்ள வுட மாட்டான். எட்டு வயசுப் பொண்ணு, கேட்டுக் கம்பி நடுவுல இப்டி ஒருக்களிச்சு வயுக்கினு பூடும். ஒரு நாளு புடிக்க வந்தான். அவன் கைல பாவாட நாடாதான் மிச்சம்! அன்னிக்கி வச்ச பேரும்மா அது."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரிப்பின் நடுவிலேயே காலால் தாளம் பிடித்துக்கொண்டாள்.

"கம்பிக்கு நடுவுல, கம்பிக்கு நடுவுல,
தூக்கு மொதல்ல, தோளு அப்புறம்,
வாச்மேன் கையில நாடா மிச்சம்,
வாள போய்ச்சு தாத்தா பக்கம்."

கானாக்காரர் டோலக்கை மடியில் இழுத்துக்கொண்டார். அதன்பின் யார் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். ஐஸ் லாரியில் தொற்றிக்கொண்டு மீன்பிடித் துறைமுகம் வரை போனது. பாடகர் குழுவில் பாடும்போது முன்னிருந்தவளின் சடையைப் பெஞ்சில் கட்டியது. செவிலிப் படிப்புக்கு நேர்முகம் போனபோது இந்த மூதாட்டியின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்த் திருப்பித் தராதது. ஒவ்வொன்றையும் அவள் பறித்துக்கொண்டாள். ஒருமுறை சொல் சிக்கியது; கூட்டத்தில் ஒருத்தி அதை எடுத்துக் கொடுத்தாள்; மேலே ஓடினாள். மூச்சு எங்கும் அறவில்லை. அகராதியில் இல்லாத அச்சொற்கள் அத்தனையையும் நான் அறிந்திருந்தேன். ஒவ்வொன்றும் வருமுன்னே என் நாவில் வந்து நின்றது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் கூவியது. "அவ கல்யாணத்துக்குப் பொறந்த வூட்லேந்து ஒரு நாதியும் போவலியே, அத்தப் பாடு!"

சிரிப்பு அடங்கிற்று. மூதாட்டி தணிந்த குரலில், "எனுக்கு லெட்டர் போட்டிருந்தா" என்றார். "கோயில்ல மொத பெஞ்சுல ஒரு எடம் காலியா வுட்டு வச்சிருந்தாளாம். அண்ணன் எப்டினா வந்துடுவான்னு. பூச முடியிற வரிக்கும் யாரையும் குந்த வுடலியாம்."

இதை நான் அறியேன். அவள் எனக்கு எழுதியதில்லை.

தங்கை மகள் என்னைப் பார்த்தாள். வாளை என்ற பெயரை நான் சொன்னபின் அவள் என் பக்கம் பார்த்தது அதுவே முதன்முறை. ஒலிவாங்கி வாயருகே இருந்தது, வாய் மூடியிருந்தது. கானாக்காரர் சொல்லிக்கொடுத்த மரியாதைக்கு அவள் காத்திருந்தாள். என் நண்பர்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினால் அவள் விட்டுவிடுவாள். ஆனால் பாட்டில் அந்த இடம் மறுபடி ஓட்டையாக நிற்கும், இம்முறை என்னால்.

தலையசைத்தேன். அது போதாதென்று தோன்றியது. எல்லோரும் எடுத்துக் கொடுத்தார்கள், என் பங்குக்கும் ஒன்று இருந்தது.

"லீவு கெடைக்கலன்னு அவளுக்கு எழுதுனேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நா லீவே கேக்கல."

மூதாட்டி மூக்கை உறிஞ்சினார். அவள் ஒரு கணம் அந்தச் சொற்களை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். பிறகு பாடினாள். முதல் வரியில் காலி இடம். இரண்டாம் வரியில் நான் கேளாத விடுப்பு. கடுமையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. மற்றவற்றைப் பாடிய அதே விரைவில், அதே தாளத்தில். என் வாழ்நாளில் பாதிக்காலம் நான் ஒளித்து வைத்திருந்தது அவள் பாட்டில் இரண்டு வரிக்குமேல் இடம் பிடிக்கவில்லை. அது முடிந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு, என்னை விட்டு, மூதாட்டி பக்கம் முழுவதுமாகத் திரும்பினாள்.

"அப்புறம்?" என்றாள், காலால் தாளம் தட்டியபடியே. "ம்? அப்புறம் இன்னா பண்ணுச்சு எங்கம்மா?"